வெடியாகாமல் தப்பிய காலண்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி பதினெட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது நடந்தது இது. இடம் சிவகாசிக்குப் பக்கத்தில் திருத்தங்கல். அங்கே ஓர் அச்சகத்தில் நான் மேனேஜர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். மிஷின் நின்றால் மெக்கானிக்கைத் திட்ட வேண்டும், ஓடினால் முதலாளி முன்னால் போய் நின்று கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எங்கள் பக்கத்துக் காலண்டர்காரர்களுக்கு ஆடி பதினெட்டு பெரிய நாள். அடுத்த வருடத்து மாதிரிகள் அன்றுதான் வெளியே வரும். சாப்பிடக்கூட நேரமில்லாத அந்தச் சீசனில் ஒரு சின்ன ஆர்டர் வந்தது. மும்பைப் பக்கம் பல தலைமுறைகளாக வாழும் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று அனுப்பியது. அவர்களுக்குப் புது வருடம் புரட்டாசி வாக்கில் பிறக்குமாம். முருகன், மாதா, மெக்கா என்று எல்லாவற்றையும் ஒரே மிஷினில் ஓட்டிய எங்களுக்கு இந்த எபிரெய எழுத்து மட்டும் புதிது. வலமிருந்து இடமாக ஓடியது. ஒவ்வொரு தாளின் தலையிலும் ஏழு கிளை விளக்கு ஒன்று.

நான் கிறிஸ்தவன். அதனால் யூதர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வேறு. பெரிய வெள்ளியை ஒட்டி எங்கள் சபையில் போடும் நாடகத்தில் ஆண்டவருக்கு எதிராக நிற்கும் யூதப் பிரதான ஆசாரியன் வேஷம் பதினோரு வருடமாக எனக்குத்தான். காகிதக் கூழில் நானே செய்த வளைந்த மூக்கு, முழ நீளத் தாடி, குலுங்கும் பணப்பை. நான் மேடையேறி அந்த மூக்கை ஒரு தடவை உறிஞ்சினால் போதும், கூட்டம் உருண்டு உருண்டு சிரிக்கும். முதல் பரிசு வாங்கிய வருடத்துப் போட்டோ சட்டம் போட்டு எங்கள் வீட்டு ஹாலில் தொங்கியது.

அச்சடித்து முடித்ததும், வேலையைப் பார்க்க ஜெப ஆலயத்திலிருந்து ஓர் ஆள் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. விருதுநகர் ஸ்டேஷனில் கம்பெனி பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி, தாடியும் கறுப்புத் தொப்பியுமாக யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பருத்திச் சேலை கட்டிய ஓர் அம்மா என் முன்னால் வந்து வந்து நின்றார். நான் அவர் தலைக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் அவரே என் கையிலிருந்த அட்டையைத் தட்டி, "நான்தான்" என்றார் ஆங்கிலத்தில். என் வயதுதான் இருக்கும். ஊரில் மராத்திப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராம்.

அச்சகத்தில் ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்தது. அப்போதுதான் கேட்டார்.

"கெட்டுப்போன தாளெல்லாம் எங்கே?"

நிறம் சரியாக உட்காரும்வரை மிஷினில் ஓடும் முதல் இருநூறு முந்நூறு தாள்களைத்தான் கேட்கிறார். "அது எதுக்கு மேடம்?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஆர்டர் பைலைத் திறந்து கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். நான் முதல் பக்கத்தில் அளவு, பேப்பர், எண்ணிக்கை, தேதி நாலையும் பார்த்துவிட்டு மூடி வைத்த கடிதம் அது.

ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வேத வசனம், அதில் ஆண்டவருடைய திருப்பெயர். அந்தப் பெயர் எழுதிய தாளை அவர்கள் கிழிப்பதில்லை, எரிப்பதில்லை, குப்பையில் போடுவதில்லை. சேர்த்து வைத்து, இறந்தவர்களைப் போலவே மரியாதையாகக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்களாம். கெட்டுப்போன தாள்களை வாங்கிப் போகவே தான் இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரயில்.

"பத்திரமா இருக்கு மேடம். குடோன்ல" என்றேன்.

இருக்கவில்லை. எங்கள் ஊரில் அச்சகக் கழிவு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெடிக் குழாய் சுற்றப் போகும். அன்று காலைதான் வேஸ்ட் பேப்பர்காரர் மூட்டை கட்டி ஏற்றிப் போயிருந்தார்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் கொண்டு வருகிறேன் என்று சொல்லி, அந்த அம்மாவை ஆட்டோவில் என் வீட்டுக்குச் சாப்பிட அனுப்பினேன். என் மனைவி வீட்டில் டியூஷன் எடுப்பவள். ஆங்கிலத்தில் என்னை விட நூறு மடங்கு கெட்டிக்காரி. விருந்தாளிக்கு விருதுநகர் புரோட்டாவும் சுக்காவும் வாங்கி வைத்திருந்தேன். "வெளியே சாப்பிட்டால் காய்கறி மட்டும்தான்" என்று அவர் சொன்னதால், அந்தப் பொட்டலத்தை மிஷின்மேன் கையில் கொடுத்துவிட்டு வேஸ்ட் பேப்பர்காரருக்குப் போன் போட்டேன்.

"அதுவா? ஏழாயிரம்பண்ணைல அப்பவே லோடு இறக்கியாச்சே அண்ணாச்சி. இந்நேரம் பாதி வெடியாயிருக்கும்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பைக்கை எடுத்தேன்.

வெம்பக்கோட்டை வழியாக நான் ஓட்டிய ஓட்டத்தை யாராவது படம் பிடித்திருந்தால் என் லைசென்ஸ் போயிருக்கும். மனசு வேறு சும்மா இருக்கவில்லை. தீபாவளியன்று தெருவெல்லாம் திருப்பெயர் டமால் டமால் என்று வெடிக்கிறது. பரலோக வாசலில் மோசே பத்துக் கட்டளை எழுதிய இரண்டு கற்பலகைகளோடு நின்று, "மேனேஜர் யாருப்பா?" என்று கேட்கிறார். அவர் அந்தக் கற்பலகைகளை ஏற்கனவே ஒரு தடவை கோபத்தில் போட்டு உடைத்தவர். இந்தத் தடவை என் தலையில் போடுவார் என்றே தோன்றியது.

பாதி வழியில்தான் அந்த இரண்டாவது இடி. ஹாலில் தொங்கும் மூக்குப் போட்டோ! வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி மனைவிக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, அந்த நாடகப் போட்டோவைக் கழட்டி பீரோவுக்குள்ள வையி."

"எப்படி வைக்க? அவுக அதைத்தான் கையில வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காக."

"என்ன சொன்னாக?"

"யாரு இதுன்னு கேட்டாக. எங்க வீட்டுக்காரருதான்னேன். வேற என்ன சொல்லச் சொல்றீக? நாம கும்பிடுற ஆண்டவரோட சொந்தக்காரக வீட்டுக்கு வந்திருக்காக. நீங்க செவத்துல மூக்கை மாட்டிக்கிட்டு நிக்கிறீக. நல்லா இருக்குங்க உங்க லட்சணம்."

வைத்துவிட்டாள். ஆண்டவருடைய சொந்தக்காரர்கள்! ஐம்பது வருடமாகக் கோவிலுக்குப் போகிறேன். இயேசு ஆண்டவரும் யூத வீட்டுப் பிள்ளைதான், அவருடைய அம்மாவும் சீஷர்களும் அந்த ஜனம்தான் என்பது எனக்குத் தெரியாத செய்தியா? தெரியும். ஆனால் எங்கள் நாடகத்தில் ஆண்டவருக்கும் சீஷர்களுக்கும் மட்டும் வெள்ளை அங்கி, மற்றவர்களுக்கெல்லாம் என் மூக்கு. இதை அந்த நிமிஷம்வரை நான் யோசித்ததே இல்லை.

ஏழாயிரம்பண்ணையில் குழாய் சுற்றும் கொட்டகையைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்றரை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாளைச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மின்னல் வேகம்.

"எக்கா, காலைல வந்த லோடு! புது எழுத்துப் போட்ட தாளு! சுத்திட்டீகளா?"

அவர்களில் மூத்தவராகத் தெரிந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "மொதல்ல தண்ணியக் குடிங்க அண்ணாச்சி. மூஞ்சி வெளுத்துப் போய் வந்திருக்கீக."

"தாளு எங்கனக்கா?"

அவர் எழுந்து, பின்பக்கம் சின்ன சாமி படம் வைத்திருந்த பலகையைக் காட்டினார். அதன் கீழே சுத்தமான சாக்கு விரித்து அத்தனையும் அடுக்கியிருந்தது. மேலே பறக்காமல் ஒரு கல்.

"என்ன எழுத்துன்னு தெரியல. ஆனா விளக்குப் படம் போட்டிருக்கு பாருங்க. விளக்கை எப்படிச் சுருட்டி வெடியாக்குறது? யாரு சாமியோ, மனசு வரல. கேட்டுக்கிட்டு யாராச்சும் வருவாகன்னு எடுத்து வச்சேன்."

சாக்குக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒருத்தி, "அண்ணாச்சி சாமி கும்பிடுறாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகை மாதிரி வந்தது சிரிப்பு.

"ஒண்ணே ஒண்ணு" என்று அக்கா தயங்கினார். "நான் பாக்குறதுக்குள்ள ஒரு தாளை மட்டும் நறுக்கிச் சுத்திட்டாளுக. பசை காஞ்சு போச்சு. பிரிச்சாக் கிழிஞ்சிரும்." ஒன்பது குழாய்களை ஒரு துணியில் முடிந்து கையில் கொடுத்தார். "மருந்து போடல. பயப்படாதீக."

தாள்களைக் கட்டாகக் கட்டி பைக்கில் ஏற்றினேன். ஒன்பது குழாய்களை மட்டும் பேன்ட் பைக்குள் திணித்தேன். முந்நூறு தாளில் ஒன்று குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்? "குடோன்லதான் இருந்துச்சு மேடம்" என்று கட்டைக் கொடுத்து, கும்பிடு போட்டு, ரயிலேற்றிவிட வேண்டும். வழி நெடுக அந்த வசனத்தை ஒத்திகை பார்த்தேன். நடிகன் அல்லவா.

வீட்டுக்குள் நுழைந்தால், வெண்டைக்காய்ப் பொரியலை மறுமுறை வாங்கிக்கொண்டு அந்த அம்மாவும் என் மனைவியும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தினமும் ஜெபத்தில் சொல்லும் வேதப் பாட்டு ஒன்றை அவர் எபிரெயத்தில் சொல்லிக்காட்டினாராம். தாள் கட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் இலையிலிருந்து எழுந்து, கை கழுவி வந்து, ஒரு பச்சைப் பிள்ளையைத் தொடுவதுபோல அதைத் தொட்டார். பிறகு மேஜை மேலிருந்த போட்டோவைக் காட்டினார்.

"நல்லா நடிப்பீங்கன்னு உங்க மனைவி சொன்னாங்க. இந்த மூக்கு எங்கே கிடைச்சது?"

"நானே செஞ்சேன் மேடம்."

அவர் தன்னையறியாமல் தன் சின்ன மூக்கைத் தொட்டுக்கொண்டார். "எங்க வீட்டுப் பிள்ளைங்க இதைப் பார்த்து, இது யாருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். வேற ஒண்ணுமில்ல."

பதினோரு வருடம் ஊரே சிரித்ததே, அந்தக் கூட்டத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட உட்கார்ந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பைக்குள் கையை விட்டு ஒன்பது குழாய்களையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தேன்.

"அய்யய்யோ, வெடிய வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டீகளா!" என்று அலறியபடி என் மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்து வாசல்வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

மருந்தில்லை என்று சத்தியம் செய்து இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, படிக்காத மூன்றாம் பக்கத்திலிருந்து குடோன் பொய் வரைக்கும் சொன்னேன். போட்டோவுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். என் ஆங்கிலம் காலை வாரியபோதெல்லாம் மனைவி தாங்கிப் பிடித்தாள். நடுநடுவே, நான் கேட்காமலே, "இவர் எப்பவுமே இப்படித்தான்" என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த அம்மா குழாய்களைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"எடுத்து வச்ச அந்த அம்மாவுக்கு இதில என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம். விளக்கைப் பார்த்தாகளாம்."

அவர் கண் கலங்கியது. அந்த அக்காவின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். தங்கள் ஜெப ஆலயத்தில் அவருக்காக வேண்டிக்கொள்வார்களாம். என் பெயரை அவர் கேட்கவே இல்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை என் மனைவி அப்போதுதான் அவிழ்த்துவிட்டாள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். "சரி, உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றார். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு மூச்சு நான் விட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. மூன்று பக்கம், மூன்றையும் படித்தேன். தாள்களை அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்துவிட்டார்களாம். ஒன்பது குழாய்களையும் பிரிக்காமல், அப்படியே. சிவகாசிச் சரக்கு இவ்வளவு அமைதியாக ஓய்ந்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். அக்காவுக்கு ஒரு காலண்டரும் ஒரு டப்பா அல்வாவும் வந்திருந்தன. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த நாடகத்துக்கு முன்னால் போதகரிடம் போய், ஆசாரியர், சீஷர்கள், ஊர்ஜனம் எல்லாருக்கும் ஒரே மாதிரி அங்கி போடுவோம் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே வீட்டு ஆட்கள்தானே. அவர் உடனே சரி என்றார். "காமெடியே போச்சேலே" என்று கூட்டாளிகள் புலம்பினார்கள். மூக்கைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்துவிட்டேன். இப்போது எனக்கு மேடையில் வேஷம் கிடையாது. ஆண்டவரைத் தெரியாது என்று சீஷர் ஒருவர் பொய் சொன்னதும் கூவுமே ஒரு சேவல், திரைக்குப் பின்னால் நின்று அந்தச் சேவலாகக் கூவுகிறேன். 'பத்திரமா இருக்கு மேடம்' என்று வாய்கூசாமல் சொன்ன ஆளுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்று மனைவி சொல்கிறாள்.

ஒவ்வொரு வருடமும் அந்தக் கூவலுக்காக மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு எழுத்துக்கு அந்த அக்கா கொடுத்த மரியாதையை, அந்த ஜனத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மார்தட்டிய நான் கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொள்கிறேன். நல்லவேளை, திருந்துவதற்கு நேரம் இருந்தபோதே மாட்டிக்கொண்டேன் என்று நிம்மதியாகவும் இருக்கிறது.