மீன் தின்ற செவலைப் பசு

என் வீட்டுக்காரருக்கு எதுவும் இருந்தபடி இருந்தால் பிடிக்காது. வீட்டுக்காரர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், வீடு என்னுடையது. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் மாடும் பெண்ணுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். இவர் ஆரையம்பதியிலிருந்து வந்து ஏறியபோது பெட்டிக்குள் நாலு வேட்டியும், கண்ணில் படுகிறதையெல்லாம் திருத்துகிற ஆசையும் இருந்தன. முதலில் அவர் கை வைத்தது என் அம்மாவின் கோழிகளில்.

பட்டினத்தில் நல்ல சாதிச் சேவல் கொடுக்கிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, வண்டி பிடித்துப் போய், வெள்ளை வெளேரென்று ஒரு சீமைச் சேவலைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்.

"மாமி, எங்கட பேடுகள் புளியங்கொட்டை மாதிரி முட்டை இடுது. இந்தச் சாதி கலந்தா முட்டை இந்தா, இவ்வளவு வரும்" என்று கைமுட்டியை மடக்கிக் காட்டினார்.

அம்மா அந்தக் கைமுட்டியைப் பார்த்தார், முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த சின்னப் பேட்டையும் பார்த்தார். "அவ்வளவு பெரிய முட்டையை இடப்போறது ஆர் மருமகன்? கோழியா, நீங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கே எங்கள் நாட்டுச் சேவல் சீமைச் சேவலைத் துரத்தி முருங்கையில் ஏற்றிவிட்டது. அது பொழுது சாயும்வரை அங்கேயே நின்று கூவியது. கீழே இருந்து இவர் அதற்குப் புத்தி சொன்னார். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கொஞ்சநாள் போக வெள்ளைப் புள்ளியோடு சில குஞ்சுகள் பொரித்தன, அவை மற்றவற்றைவிடக் கொழுகொழுவென்று வளர்ந்தன. அதில் வந்த துணிச்சலில்தான் மனுஷன் மாட்டுக்குப் போனார்.

மாடு என்றால் என் சீதனச் செவலை. அந்த வருஷம் அதன் மடியில்தான் என் மானம் தொங்கியது. எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசியில் சடங்கு நடக்கும். கதவு திறந்த நாளிலிருந்து கடைசி நாளான குளிர்த்திவரை, ஏறத்தாழ ஒரு கிழமை, ஊரில் ஒருவரும் மீன் மச்சம் தொடமாட்டார்கள். குளிர்த்தியன்று அம்மன் வாசலில் ஏற்றுகிற பொங்கலுக்குப் பால் கொண்டுபோவது எங்கள் குடியின் உரிமை. எங்களிடம் குடி தாய்வழியாகத்தான் வரும். அதுவரை அம்மாதான் பானையைச் சுமந்தவர். அந்த வருஷம் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால் பானை என் தலைக்கு வந்தது. சின்னப் பிள்ளையிலிருந்தே அதற்கு ஆசைப்பட்டவள் நான்.

ஆனால் அதற்கு ஒரு கட்டு உண்டு. அன்று விடியக் கறந்த பாலால் பானை கழுத்துவரை நிறைய வேண்டும். அவ்வளவும் சொந்த மாட்டுப் பாலாக இருக்க வேண்டும். தண்ணீர் கூடாது, இரவல் பால் கூடாது. ஏதும் குறை கண்டால் உரிமை அடுத்த குடிக்குப் போய்விடும். அடுத்த குடியில் நின்றவள் என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள். வளவில் மூன்று கறவை கட்டி வைத்துக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு காத்திருந்தாள்.

எங்கள் செவலையோ விலாவைத் தடவி எலும்பு எண்ணலாம் என்கிற கோலம். சித்திரை வெயிலில் வளவுப் புல் கருகிவிட்டது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களிலிருந்து தோணியில் வருகிற வைக்கோல்தான் தீன். கறந்தால் செம்பின் அடி நனையும், அவ்வளவுதான். அடுப்புக்கு நெருப்பு எடுக்கிற சாட்டில் மச்சாள் காலையில் வேலிக் கடப்பு வழியாக வருவாள்.

"என்னகா மச்சாள், மாடு கறக்குதா? ஏலாட்டிச் சொல்லிப்போடு. நாங்க இருக்கம்தானே."

அகப்பையால் அவள் தலையில் ஒன்று போட எனக்குக் கை துறுதுறுக்கும். "கறக்குது, கறக்குது. நீ நெருப்பைக் கொண்டு போ" என்பேன். அவள் போனபிறகு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதும் இருக்கிறேன்.

இந்த நேரத்தில் இவர் பட்டினத்தில் கால்நடை வளர்ப்பைப் பற்றி யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெறும் வைக்கோல் வயிற்றை நிரப்புமாம், மடியை நிரப்பாதாம். மாட்டுக்கும் ஊட்டம் வேண்டுமாம். வெளிநாட்டில் மீனைக் காயவைத்து, தூளாக்கி, தீனோடு கலந்து கொடுக்கிறார்களாம்.

"மாட்டுக்கு மீனா? உங்களுக்கென்ன விசரா?" என்றேன்.

"இஞ்ச பார். ஒரு பக்கம் கடல் கிடக்கு, மற்றப் பக்கம் வாவி கிடக்கு. மீன் தலையெல்லாம் நாய்க்குப் போடுறம். நாய் கறக்குதா?" என்றார்.

கரைவலைக்காரர் ஒதுக்கிப் போட்ட தலைகளையும் பொடி மீனையும் அள்ளி, மணலில் காயவைத்து, இடித்துச் சலித்து, தவிட்டிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் பிசைந்து வாளியில் வைத்தார். செவலை முகர்ந்தது, தும்மியது, தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தது. நான் அவரைப் பார்க்கிற அதே பார்வை. மனுஷன் விடவில்லை. அடுத்தநாள் கொஞ்சம் கருப்பட்டி கரைத்து ஊற்றினார். செவலை ஒரு நக்கு நக்கியது, இன்னொரு நக்கு நக்கியது, பிறகு வாளியை உருட்டி உருட்டித் துடைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு மாதத்துக்குள் மாட்டில் மினுக்கம் ஏறிவிட்டது. விலா மறைந்தது. செம்பு நிரம்பி இரண்டாவது செம்பு கேட்டது. நானும் ஏச்சை நிறுத்திக்கொண்டேன். பாலில் மீன் மணக்கவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் அப்போது காலையில் பழஞ்சோற்றுக்கு மீன், மத்தியானம் மீன் குழம்பு, இரவில் மீன் பொரியல். மீன் பிசைந்த கையாலேயே தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குகிற சனம். அதில் மணம் பாலிலிருந்து வருகிறதா விரலிலிருந்து வருகிறதா என்று ஆர் கண்டது?

கோயில் கதவு திறந்த அன்று நான் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இனி மாட்டுக்கும் மீன் தூள் வேண்டாம். அம்மன் காரியம்." அவர் "சரி" என்றார். உடனே சரி என்றாரே என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். சடங்கு நாட்களில் அந்த மாட்டின் பாலை நாங்கள் வாயில் வைப்பதில்லை, கன்றுக்கு விட்டுவிடுவோம். குளிர்த்தியன்று கறக்கும்போதும், பானையைச் சுமக்கும்போதும், எங்கள் மூச்சு அதில் படக்கூடாது என்று மூக்கையும் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டிக்கொள்வோம். ஆகவே நான் ஒன்றையும் மணக்கவில்லை. பால் பீச்சிய வேகத்தில் நுரை எழும்பி, பானை கழுத்துவரை நிறைந்ததை மட்டும் கண்டேன். மாட்டின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

கோயில் வாசலில் பானையை இறக்கி மூடியை எடுத்தபோது மச்சாள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் கறுத்தது. துணிக்குள்ளே நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

பூசை செய்கிற கட்டாடியார் அடுப்பை மூட்டினார். பால் சூடேறியது. முன்வரிசையில் நின்ற கிழவர் மூக்கைச் சுளித்தார். பக்கத்தில் நின்றவர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மற்றவளின் சேலையை முகர்ந்தாள். ஒரு கிழமை மீன் படாத மூக்குகள் அல்லவா, தீட்டிய கத்தி மாதிரி இருந்தன. என்ன நடக்கிறதென்று எனக்கு மட்டும் விளங்கவில்லை.

மச்சாள்தான் வாய் திறந்தாள். "மீன் மணக்குது! ஆரோ சடங்குக்குள்ள மீன் திண்டுபோட்டு வந்து நிக்காங்க!"

கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் சனத்தைப் பார்த்துக் கத்தினார். "விரதம் முறிச்சது ஆர்? தாய்க்கு முன்னால ஒத்துக்கொள்ளுங்க! இல்லாட்டி ஊருக்கே அம்மாள் வரும்!"

அம்மாள் என்றால் அம்மை நோய். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்போது ஒரு மனுஷன் தொப்பென்று மணலில் விழுந்தார். வேறு ஆர்? மச்சாளின் புருஷன்.

"தாயே, பொறுத்துக்கொள்! ஒரே ஒரு துண்டுக் கருவாடு! நேத்துத்தான், வயலுக்க வச்சுச் சுட்டன்!"

மச்சாள் அவரைப் பார்த்த பார்வையில் இன்னொரு கருவாடு சுட்டிருக்கலாம். அவர் எழும்புமுன் உடுக்கு அடிக்கிறவர் விழுந்தார். "எனக்குக் கொஞ்சம் கூனி இறால் சம்பல், தாயே. தொட்டு நக்கினதுதான்!" வண்ணக்கர் ஏனோ இருமிக்கொண்டு சால்வையைச் சரிசெய்தார். அவரில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

இந்த இரண்டு பேரும் கோயிலைச் சுற்றிச் சுடுமணலில் உருள வேண்டும் என்று தீர்ப்பானது. காரியம் அதோடு முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார்.

"அவங்க திண்டது திண்டதுதான். ஆனா மணக்கிறது அவங்க இல்ல, பால். மாட்டுக்கு மீன் தூள் வச்சனான். நிப்பாட்டினா பால் குறைஞ்சிடும் எண்டு நேத்துவரைக்கும் களவா வச்சனான். பிழை என்ர."

கோயில் வாசலே சிரித்தது. "மாடு மீன் தின்னுமா? பூனையைச் சொல்றாரோ!" என்றது ஒரு குரல். "பாவம், மனிசன் ஆக்களைக் காப்பாத்தப் பாக்குறார்" என்றது இன்னொன்று. புருஷன் விழுந்த வெட்கத்தில் நின்ற மச்சாள் எல்லாவற்றையும் இவர்மேல் கொட்டினாள். "பொய்க்காரன்! முருங்கையில நிண்ட சேவலுக்குப் புத்தி சொன்ன விசரன்தானே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. எனக்கு வாயில் துணி. பேசாமல் நின்றாலே போதும். பானை என்னுடையது, உரிமை என்னுடையது. ஆனால் என் மனுஷனைப் பொய்க்காரன் என்று சொல்ல அவள் ஆர்? விசரன் என்று சொல்வதென்றால் அதற்கு நான் இருக்கிறேன்! துணியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். ஐயோ, அப்போதுதான் அந்த மணம் என் மூக்கில் ஏறியது. கரைவலை இழுக்கிற கடற்கரையில் நிற்கிறேனா, கோயிலில் நிற்கிறேனா என்று திகைத்துவிட்டேன்.

"ஓம்! அவர் சொல்றது மெய்! எங்கட செவலைதான் மீன் திண்டது! அவரைப் பொய்க்காரன் எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது!" என்று கத்தினேன்.

மச்சாளுக்கு வேறென்ன வேண்டும்? "கேட்டயளா வண்ணக்கர்? அவளே சொல்லிப்போட்டாள்! இறக்குங்க பானையை! இனி உரிமை எங்கட குடிக்கு!"

மூலையில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்க்க எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. எங்கள் கோயில் வழக்கப்படி, பால் பொங்கிப் பெண்கள் நாக்கைப் புரட்டிக் குரவை போட்டுவிட்டால் அது அம்மன் ஏற்ற பொங்கல், பிறகு எவராலும் இறக்க முடியாது. குரவை விழுமுன் இறக்கலாம். வண்ணக்கர் கட்டாடியாரைப் பார்த்தார், கையை உயர்த்தினார், "பானையை..." என்று தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பால் எழும்பியது. ஊட்டம் ஏறிய கொழுத்த பால், ஒரே மூச்சில் நுரையாகக் குமிழ்ந்து பானையின் விளிம்பைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. பெண்கள் எல்லோரும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் குடிப் பெண்களுக்கும் துணிச்சல் இல்லை. நானும் வாய் திறக்கப் பயந்து அம்மாவைப் பார்த்தேன்.

குரவை எழுந்தது. மரத்துக் காகமெல்லாம் கலைந்து பறக்கிற மாதிரி, நீளமான, நடுங்காத குரவை. போட்டவள் என் மச்சாள். கலியாண வீடானாலும் பிள்ளை பிறந்த வீடானாலும் ஊரில் முதல் குரவை அவளுடையதுதான். நுரையைக் கண்டால் அவள் நாக்கு அவளைக் கேட்காமலே புரளும். பாதிக்குரவையில்தான் அவளுக்கு விளங்கியது. கண் பிதுங்க, இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அதற்குள் மற்றப் பெண்கள் அத்தனை பேரும் அந்தக் குரவையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வண்ணக்கர் கையை இறக்கினார். "தாய் ஏத்துக்கொண்டா" என்றார்.

நான் எல்லோருக்கும் முன்னால் ஓவென்று அழுதேன். பச்சரிசியைப் போட்டுப் பொங்கலை முடித்து, அகப்பையை என் கையில் தந்தார்கள். ஒரு கிழமை மீன் காணாத சனம் இலையை நீட்டிக்கொண்டு முண்டியடித்தது. நான் முதல் அகப்பையை மச்சாளின் இலையில் வைத்தேன்.

"மணக்குதாகா?" என்று கேட்டேன்.

அவள் ஒரு வாய் தின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மணக்குது" என்றாள். "இன்னும் கொஞ்சம் போடு."