முதல் கவளம்

உங்களுக்கு யாராவது ஆசையாக முதல் கவளத்தை ஊட்டிவிட்டால், ஏன் என்று கேட்பீர்களா?

தையல்காரி கேட்டதில்லை. அரண்மனையில் இளவரசிக்குப் பால் கொடுத்து வளர்த்தவளின் மகள் அவள். இளவரசி அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். தட்டு வந்ததும் தன் கையாலேயே முதல் கவளத்தை அக்காவுக்கு ஊட்டிவிட்டு, அப்புறம்தான் சாப்பிடுவாள். அரசு போனது, பட்டம் போனது, மாளிகை மட்டும் மிஞ்சியது. இவள் கடைத்தெருவில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டியவன் கைவிட்டுப் போன நாளில்கூட, "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்று சொல்லித்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தத் தங்கச்சி சொல்லி அனுப்பினாள்: "உன் மக இங்கயே என் மகளோட வளரட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம்."

சரி என்று சொல்லத்தான் மகளோடு போனாள். போன கையோடு தங்கச்சி மகள் சின்னவளுக்குச் சட்டை அளவும் எடுத்தாள். தோள் அளந்து, கை அளந்து, நாடாவை இடுப்பில் சுற்றும்போது பலகாரத் தட்டு வந்தது. சின்னவள் ஒரு துண்டைப் பிட்டு தையல்காரியின் மகள் வாயில் வைத்தாள். தையல்காரி அதைப் பார்த்தாள். ரத்தபாசம்கூட இதற்கு ஈடாகாது என்று நினைத்தாள். (ராஜரத்தத்தையும் ஊசி போட்டு எடுத்துப் பாருங்கள். நம்முடையதைப் போலத்தான் இருக்கும்.)

"நீயும் சாப்பிடு கண்ணு" என்றாள்.

"கொஞ்ச நேரம் போகட்டும். இவளுக்கு ஒண்ணும் ஆகலைன்னாதான் நான் சாப்பிடணும்."

குழந்தை அதை, கை கழுவிவிட்டுச் சாப்பிடணும் என்பதுபோலச் சொன்னது. குரலில் வஞ்சம் இல்லை. நெருப்பு சுடும், தண்ணீர் நனைக்கும், அடுத்தவர் பிள்ளை முதலில் தின்று பார்க்கும். அதன் உலகம் அப்படி.

நாடா கையிலிருந்து நழுவியது.

சோபாவில் இருந்த தங்கச்சி சிரித்தாள். "பழைய வழக்கம்க்கா. இப்ப எவன் விஷம் வைக்கப் போறான்?"

"அப்போ... நம்ம சின்ன வயசுல?"

"அப்பா பயந்தாங்கொள்ளி. அதுக்குத்தானே நீ இருந்தே."

"உங்களுக்கு அப்பவே தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? உங்கம்மாதானே பக்கத்துல நின்னு, இப்ப சாப்பிடலாம்னு தலையாட்டுவாங்க. உனக்குத் தெரியாதா?"

கேலி இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். தான் செய்தது துரோகம் என்று தங்கச்சிக்கே தெரியவில்லை. தெரிந்து செய்தவள் பெற்றவள். செத்துப்போன அவளிடம் இனி எந்த வாயைக் கொண்டு கேட்பது?

தையல்காரி மகளின் வாய்க்குள் விரலை விட்டு, மெல்லாமல் கிடந்ததைத் தோண்டி எடுத்துத் தட்டிலேயே வைத்தாள்.

"என் மக என்கிட்டயே இருக்கட்டும்."

"ஏன்க்கா, கோவமா? இதுல என்ன இருக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா."

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "ஏம்மா, நல்ல பள்ளிக்கூடமாச்சே?" தையல்காரி மகளின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

மாளிகையில் மட்டும்தான் இளவரசிகள் வளர்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளையை இன்று பக்கத்தில் கூப்பிட்டு, நம் வீட்டில் வேலை செய்கிறவர் எதற்காக இருக்கிறார் என்று கேளுங்கள். "எனக்காக" என்று பதில் வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கண்டுபிடித்து, அவரைத் திருத்துங்கள்.