மகேஸ்வரி அக்காவின் பூப்பந்து மட்டை: கடலூரில் தொடங்கி சிதம்பரத்தில் எடுத்த படம்

முகங்களைப் படம் எடுப்பதை நான் நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. கேமராவைத் தூக்கியதும் எல்லோரும் கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல விறைத்துப் போகிறார்கள். அதற்குள்ளிருந்து ஆளை வெளியே கொண்டுவர எனக்குத் திறமை போதவில்லை. அதனால் ஆளுக்குப் பதிலாக அவருடைய ஒரே ஒரு பொருளைப் படம் எடுக்கிறேன். படத்தின் கீழே அவர் பெயரை மட்டும் போடுகிறேன். லாரி ஓட்டுநர் ஒருவரின் தலையணை, ஒரு தலைமையாசிரியையின் செருப்பு என்று பதினொன்று முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவதுக்காகப் போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கடலூர் போனேன். சிதம்பரம் என் திட்டத்திலேயே இல்லை.

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் பெண்ணின் சித்திதான் மகேஸ்வரி அக்கா. நாற்பத்து நான்கு வயது. கடலூர் துறைமுகத்தில் மீன் விற்கிறார். போனில் கேட்டபோது, "எதை வேணா எடுத்துக்க, ஆனா சீக்கிரமா வா" என்று சொல்லியிருந்தார். விடியற்காலை 4.50 பஸ்ஸைப் பிடித்தேன். பண்ருட்டி வழி, 45 ரூபாய். 6.20க்குக் கடலூர். அங்கிருந்து முதுநகருக்கு டவுன் பஸ், ஐந்து கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கேமரா பையைப் பார்த்த கண்டக்டர், "கல்யாணமா, கருமாதியா?" என்று கேட்டார். மீன் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

துறைமுக வாசலில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே அக்காவின் கடை. புளியமரக் கட்டை, அதன்மேல் கத்தி, பக்கத்தில் சங்கராவும் கிழங்கானும் நிறைந்த அலுமினியக் கூடை. வந்த வேலை பாதி முடிந்தது என்றே நினைத்தேன். கத்தியின் பிடியில் கட்டைவிரல் அழுந்தி அழுந்தி ஒரு குழி விழுந்திருந்தது. இதைவிட என்ன வேண்டும்? வியாபாரம் சற்று ஓய்ந்த எட்டரை மணிக்கு, தார்ப்பாயின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் கத்தியை வைத்து நாற்பது படம் எடுத்தேன். நல்ல படங்கள். பெருமையோடு திரையை அக்காவிடம் நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்குது. இது யாரு?"

"நீங்கதாங்க்கா."

"இதோ உக்காந்திருக்குதே முனியம்மா, அது கத்தியும் இப்படித்தான் இருக்கும். எங்கம்மாவுக்கு முடியாமப் போச்சுன்னு நாலு வருஷமா இங்க உக்காந்திருக்கேன். இது எங்கம்மா கத்தி. நானில்ல."

சரி, உங்கள் பொருள் எது என்று கேட்டேன். ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டே சொன்னார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவர் பூப்பந்து ஆடியிருக்கிறார். மஞ்சள் கம்பளிப் பந்து, ஆளுக்கொரு மர மட்டை, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். மாவட்ட அணியில் மூன்று வருடம். அந்த மட்டை சிதம்பரத்தில் கணவர் வீட்டில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வார்த்தைக்காக அந்த வீட்டைவிட்டு வந்தவர். என்ன வார்த்தை என்பதை என்னிடம் சொன்னார், எழுத வேண்டாம் என்றும் சொன்னார். உடுத்திய புடவையோடு கிளம்பியதில் மட்டை அங்கேயே நின்றுவிட்டது. அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

மட்டையைப் பற்றி எழுத்தில் குறித்துக்கொள்கிறேன், படத்துக்குக் கத்தியே இருக்கட்டும் என்று இழுத்துப் பார்த்தேன். மதியம் சேத்தியாத்தோப்பில் இன்னொருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா காதில் வாங்கவில்லை. கூடையில் மிச்சமிருந்ததை முனியம்மாவிடம் தள்ளிவிட்டார். வீட்டுக்குப் போய்க் குளித்து, புடவை மாற்றிக்கொண்டு பத்தரைக்கு வந்து நின்றார்.

"வா போலாம். இன்னிக்கு விட்டா அப்பறம் நானும் போமாட்டேன்."

சேத்தியாத்தோப்புக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

முதுநகரிலிருந்து சிதம்பரம் கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். ஆளுக்கு 38 ரூபாய், ஒரு மணி ஐந்து நிமிடம். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அக்கா மட்டையின் கதைகளைச் சொன்னார். வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவுங்க அத எடைக்குப் போட்டிருந்தா என்னா பண்ணுவ?" தெரியலக்கா என்றேன். "எனக்கும் தெரியல" என்றார்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ, 70 ரூபாய். ரயில்வே ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒரு தெரு. வீட்டின் முன்பக்கமே அவர் கணவரின் கடை. மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறார். செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். கேமராவை எடுக்கவில்லை.

"வா" என்றார் அவர். "உக்காரு."

"உக்கார வரல. என் பேட்டு வேணும்."

"எந்தப் பேட்டு?"

"எனக்குன்னு இந்த வீட்ல எத்தினி பேட்டு இருந்துது?"

அவர் தலையைச் சொறிந்தார். "நாலு வருஷம் ஆச்சு. எங்க கெடக்குதோ. வெள்ளையடிக்கும்போது நெறைய சாமான தூக்கிப் போட்டோம்."

அக்கா நகரவில்லை. கடை வாசலில் வெயில் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அப்படியே இரண்டு நிமிடம் போயிருக்கும். உள்ளேயிருந்து அவருடைய ஓரகத்தி இந்திரா, அதாவது கணவரின் தம்பி மனைவி, எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டவர், "தூக்கிப் போடல மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். ஏதோ டப்பா உருளும் சத்தம். தலையில் ஒட்டடையோடு, ஒரு அரிசிச் சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பரண்ல வச்சிருந்தேங்க்கா. நீங்க வருவீங்கன்னு எல்லாம் நெனக்கல. தூக்கிப் போட மனசு வரல, அவ்ளோதான்."

சாக்குக்குள் மட்டை இருந்தது. மர வளையம் நிறம் மங்கி, லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நரம்புகள் எல்லாம் அறுந்து நாலைந்துதான் மிச்சம். கைப்பிடியில் சுற்றிய நீலத் துணி நைந்திருந்தாலும், அடியில் நெருப்பால் சுட்ட 'M' தெளிவாக இருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கி ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். அதற்குள் இந்திரா காபி கொண்டுவந்துவிட்டார். அக்கா நின்றபடியே குடித்தார்.

கிளம்பும்போது கணவர், "நரம்பெல்லாம் போயிருக்குதே. குடு, நானே கட்டித் தரேன். கட்டற வேலதான நமக்கு" என்றார். குரல் தணிந்திருந்தது. அக்காவுக்கும் அது கேட்டிருக்கும்.

"வேணாம். இதுக்கு வேற ஆளு இருக்காங்க."

இந்திராவின் தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டு இறங்கி நடந்தார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தெருமுனைக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்க அக்கா மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்தில் ஒரு பழைய நீலக் கதவு. அறுந்த நரம்புகளின் நிழல் அதில் அத்தனை அழகாக விழுந்தது. மட்டையைச் சாய்த்து வைத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். இந்தப் பன்னிரண்டில் மட்டுமில்லை, நான் எடுத்த எல்லாவற்றிலும் அதுதான் நல்ல படம். நிமிர்ந்தபோது அக்கா பின்னால் நின்றிருந்தார்.

"இன்னும் கட்டவே இல்லியே. அதுக்குள்ள ஏன் எடுத்த?"

அறுந்திருப்பதில்தான் கதை இருக்கிறது, பார்க்கிறவர்கள் கலங்கிப் போவார்கள் என்று என்னென்னவோ சொன்னேன்.

"கலங்கறதுக்கா நான் இம்மா தூரம் வந்தேன்? அறுந்து கெடக்கறது பேட்டு, நானில்ல. அழிச்சிடு."

அவர் பார்க்க அழித்தேன். விரல் ஒரு நொடி தயங்கியதை மறைக்கப்போவதில்லை.

தெற்கு வீதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கடைக்காரர் மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாங்க்கா" என்றார். "இதான் கட்டணும்" என்றார் அக்கா. இழுத்துக் கட்டினால் வளையம் உடைந்துபோகலாம் என்று கடைக்காரர் எச்சரித்தார். "ஒடஞ்சா என்னோட போவுது. கட்டுங்க." நரம்புக்கும் கூலிக்கும் 350 ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். ஒவ்வொரு நரம்பு இறுகும்போதும் மரம் முனகியது. சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். அக்கா முக்காலியைவிட்டு எழவில்லை. வளையம் தாங்கியது.

ஒரு பந்தும் வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனோம். ஒரு கிடங்கின் சுண்ணாம்பு அடித்த சுவர். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டார். முதல் அடி தவறியது, இரண்டாவதும் தவறியது. மூன்றாவது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அதன்பிறகு நான் எண்ணவில்லை. பந்தில் சுண்ணாம்பு ஒட்டி, பந்திலிருந்து நரம்புக்கு ஏறி, கட்டங்கள் எல்லாம் வெள்ளையாகிவிட்டன. வியர்வையைத் துடைத்தபடி மட்டையைச் சுவரோரம் அவரே சாய்த்து வைத்தார்.

"இப்ப எடு."

மணி 4.20. மூன்று படம் எடுத்தேன். மேலே இருப்பது இரண்டாவது.

இதேபோல எடுக்கக் கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். துறைமுகத்துக்கு ஆறு மணிக்குள் போங்கள், ஆனால் எட்டரைவரை கேமராவை வெளியே எடுக்காதீர்கள். வியாபார நேரத்தில் நீங்கள் இடைஞ்சல்தான். லென்ஸை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உப்பு தேய்ந்து கீறிவிடும். 50 எம்எம் லென்ஸ் ஒன்றே போதும். கடலூர்–சிதம்பரம் பஸ் அடிக்கடி உண்டு. என் அன்றைய மொத்தச் செலவு, சாப்பாடும் திரும்பிவந்த பஸ்ஸும் சேர்த்து, 740 ரூபாய். மட்டைக்கும் பந்துக்கும் அக்காதான் கொடுத்தார், என்னைத் தொடவிடவில்லை. முக்கியமாக ஒன்று: பொருளை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த நிலையில் எடுப்பது என்பதும் உங்கள் முடிவில்லை. பதினொரு பேரிடம் நான் இதைக் கேட்கவே இல்லை. இப்போது ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் "மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பின்னணியில் பெண்கள் கத்தும் சத்தம், நடுவில் யாரோ பாயின்ட் எண்ணும் குரல்.

"போட்டோ வந்துச்சு. நல்லாத்தான் இருக்குது. ஆனா அது பழசும்மா. புடிக்கு செவப்புத் துணி சுத்திட்டேன், நரம்புல ரெண்டு மாத்தியாச்சு. வந்து வேற எடு. ஞாயித்துக்கெழம காலைல வராத, ஆட்டம் இருக்கும்."