இணைப்பு: வேட்டி ஒன்று

ஒரு மனுவில் இணைப்பு என்று எழுதிவிட்டால் அந்த இணைப்பு இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, மனுவில் சொன்ன நிலையில் இருக்க வேண்டும். நகராண்மைக் கழகத்தின் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், இந்த விதியை எந்தச் சுற்றறிக்கையிலும் படிக்கவில்லை. ஒன்பது வயதில், அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, முந்தைய வருடம் அது. மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை, சாக்கடைக்கு அப்பால் ஒரு முள்வேலி, வேலிக்கு அப்பால் ரப்பர் ஆலையின் புகைக்கொட்டகை. ரப்பர் பாலைத் தகடாக்கி, உள்ளே கொடியில் போட்டு, கீழே நெருப்பு மூட்டிப் புகை போடுவார்கள். தகடு தேன் நிறத்துக்கு வரும். அந்தத் தகடு எங்கெங்கோ கப்பலேறிப் போனது. புகைக்கு அந்த வசதி கிடையாது. தகரக் கூரைக்கு மேல் ஒரு முழம் எட்டிப் பார்க்கும் குட்டைப் புகைபோக்கி வழியாக வெளியே வந்து, வேலியைத் தாண்டி, எங்கள் வீட்டில் தங்கிவிடும்.

பகலில் அவ்வளவாகத் தெரியாது. சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதுவார்கள். அதன் பிறகு ஈரமான ரப்பர் கட்டைகளை அடுப்பில் திணிப்பார்கள். அழுகிய முட்டையையும் எரிந்த தோல் சப்பாத்தையும் சேர்த்துக் காய்ச்சியது போல ஒரு வாடை வரும். கூடவே கரித்தூள். அந்த வட்டாரத்துப் பெண்கள் சங்குக்கு முன்னால் கொடியிலிருந்து துணியை எடுத்துவிட வேண்டும். மறந்தவர்களை மறுநாள் அவர்கள் வீட்டு ஆண்களின் சட்டையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

துணியை எடுத்துவிடலாம், தம்பியை என்ன செய்வது? அவனுக்கு மூன்று வயது, இழுப்பு. சங்கு ஊதி ஒரு மணி நேரத்துக்கெல்லாம் அவன் மார்பில் யாரோ பழைய கதவைத் திறந்து மூடுவது போலச் சத்தம் கேட்கும். படுத்தால் மூச்சு வராது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவனை மார்பில் சாய்த்துக்கொள்வார். அம்மா படுத்துத் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லா அம்மாக்களும் உட்கார்ந்துதான் தூங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். ஓமமும் தைலமும் வெந்நீர் ஆவியும் ஆகி முடிந்த பிறகு ஆஸ்பத்திரி டாக்டர், புகை இல்லாத இடத்தில் வைத்திருங்கள் என்று மருந்து எழுதினார். அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று எழுதவில்லை.

மாமா வந்து சேர்ந்தது இந்த நிலையில்தான். அம்மாவின் தம்பி. நீதிமன்றத்துக்கு எதிரே மரத்தடியில் தட்டச்சு இயந்திரம் வைத்து, ஊராருக்கு ஆங்கிலத்தில் மனு அடித்துக் கொடுப்பவர். குடியுரிமை, மாட்டுவண்டி உரிமம், மனைவி ஓடிப்போனது, எதற்கும் அவரிடம் ஒரு மாதிரி வாசகம் இருந்தது.

"வெள்ளக்காரன் போறதுக்குள்ள இந்தப் பைலை முடிச்சிடணும், அக்கா," என்றார் மாமா. "அவன் போயிட்டா புதுசா வர்றவங்க புதுப் பைல்தான் தொறப்பாங்க. நாம மறுபடியும் ஒன்னாம் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும்."

சுதந்திரத்தை இந்தக் கோணத்தில் பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். பின்னாளில் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று கண்டேன்.

வெறும் மனு போதாது, சான்று வேண்டும் என்று மாமா முடிவு செய்தார். அப்பா பஸ் கண்டக்டர். தீபாவளிக்கு எடுத்த வேட்டியை அவர் ஒரே ஒரு முறைதான் கட்டியிருந்தார். மாமா அதை மூன்று சாயங்காலம் தொடர்ந்து கொடியில் விரித்துப் போட்டார்.

"உன் வேட்டியப் போடேன்," என்றார் அப்பா.

"என் வேட்டி ஏற்கெனவே கறுப்பு, அத்தான். யாரும் நம்ப மாட்டாங்க."

மூன்றாம் நாள் வேட்டி அற்புதமாக வந்திருந்தது. சாம்பல் நிறத் தளம், அதில் கரும்புள்ளிகள், ஓரத்தில் மஞ்சள் எண்ணெய்த் திட்டு. மாமா அதை நகையைப் போலப் பத்திரமாக மடித்து நாற்காலியில் வைத்தார். மனுவின் அடியில் 'இணைப்பு: வேட்டி ஒன்று, புகைக்கரியால் பாழானது' என்று ஆங்கிலத்தில் அடித்தார். அக்கம்பக்கத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தார். எந்நேரமும் துவைத்துக்கொண்டிருப்பவர் துவைப்பதை யார் கவனிப்பது? திங்கள் காலை அம்மாவே சான்றைப் பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, மாமாவிடம் கொடுத்தார். பள்ளி விடுமுறை. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

நகராண்மைக் கழக அலுவலகத்தில் தலைமை எழுத்தர் மலாக்கா செட்டி வம்சத்தவர். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. மாமா மனுவை மலாயில் விளக்கினார். தம்பியின் மூச்சைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். பிறகு சணலை அவிழ்த்து, வேட்டியை உதறி மேசை மேல் விரித்தார்.

கொக்கு போல இருந்தது வேட்டி. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்திருந்தது. மடிப்பு விரலை அறுக்கும் போலிருந்தது.

எழுத்தர் மனுவைப் படித்தார். வேட்டியைப் பார்த்தார். மறுபடி மனுவைப் படித்தார்.

"மானா கோத்தோர்?" அழுக்கு எங்கே என்று கேட்டார்.

மாமா வேட்டியைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது. எழுத்தர் துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன நீலம் போடுகிறீர்கள், என் மகளுக்குக் கல்யாணம் வருகிறது என்றார். மாமாவுக்கு மலாய் மறந்துபோனது. நான்தான் பதில் சொன்னேன்.

இருந்தாலும் அவர் நல்ல மனிதர். மனுவில் முத்திரை குத்தினார், இணைப்பைத் திருப்பித் தந்தார். முத்திரை குத்தப்பட்ட காகிதத்துக்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும். உலகில் நடக்கும் நல்ல காரியங்களில் பாதி, இதிலிருந்து தப்பிக்க வழியில்லாததால் நடப்பவை.

வீட்டுக்கு வந்ததும் மாமா வேட்டியைக் கட்டிலில் எறிந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டே, அக்கா?"

"ஏன், கறை போயிருச்சே."

"போகக் கூடாதுன்னுதானே கொண்டு போனேன்."

"அழுக்கு வேட்டியக் கொண்டுபோய் ஆபீஸ் மேசையில வைப்பியா? இந்த வீட்டுப் பொம்பளைக்குத் தொவைக்கத் தெரியாதுன்னு பைல்ல எழுதிட்டா, அத எந்த சோப்புப் போட்டுக் கழுவுறது?"

"நீ தொவைச்சது தப்பில்ல, அக்கா. இவ்வளவு நல்லாத் தொவைச்சியே, அதுதான் தப்பு."

அப்பா வேட்டியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். முறைப்படி, அலுவலக நேரத்தில், காலை பத்து மணிக்கு. வானம் தெளிவாக இருந்தது. புகைபோக்கி மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. 'புகை காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எழுதியதில் பொய் ஏதுமில்லை.

"சங்கு ஊதுறப்ப வரச் சொல்லு," என்றார் அம்மா.

"நாலு மணிக்கே அவருக்கு வேலை முடிஞ்சிடும்லா. அதுக்கப்புறம் புகை இருந்தாலும் கணக்குல வராது," என்றார் மாமா.

"வேலைக்கு வர வேணாம். வடை திங்க வரச் சொல்லு."

மாமாவின் மாதிரி வாசகங்களில் வடை எங்கும் இல்லை.

இன்ஸ்பெக்டர் செரானிக்காரர், போர்த்துக்கீசிய வம்சம். பருத்த உடம்பு, பெரிய மீசை, பளிச்சென்ற வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாலரை மணிக்குச் சைக்கிளை நிறுத்தினார். ஒரு நிமிடம்தான் என்றார். அம்மா அவரை ரம்புத்தான் மரத்தடிப் பெஞ்சில் உட்கார வைத்து, "மினும் டுலு, துவான்," என்று, முதலில் குடிக்கச் சொல்லித் தேநீர் கொடுத்தார். பிறகு வடை. அவர் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த ஈடு வெந்துவிடும். வேலியோரம் நின்று ஆலையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது அம்மாவின் வேலை. மாமாவின் வேலை பேச்சுக் கொடுப்பது. அவர் மீன்பிடிப்பதைப் பற்றி, தெரிந்ததும் தெரியாததுமாக நாற்பது நிமிடம் பேசினார்.

ஒன்பதாவது வடையில் சங்கு ஊதியது.

புகை அன்று எங்களை ஏமாற்றவில்லை. முதலில் வாடை. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த வடையை முகர்ந்து பார்த்தார். பிறகு வேலிக்கு மேல் பழுப்பாக ஒரு திரை எழுந்து, மெதுவாகச் சாய்ந்து, மரத்தடிக்கு வந்தது. அவர் வெள்ளைத் தோளில் முதல் புள்ளி விழுந்தது. தட்டிவிட்டார், அது கோடாக நீண்டது. மடியில் இரண்டு, தேநீரில் ஒன்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழுக்குப் பிறகு எண்ண முடியவில்லை.

வீட்டுக்குள் தம்பி இருமினான். அப்புறம் அந்தக் கதவுச் சத்தம் தொடங்கியது. அம்மா வடைச் சட்டியை அப்படியே இறக்கிவிட்டு ஓடினார். அதுவரை எல்லாம் திட்டப்படி நடந்தது, இது திட்டத்தில் இல்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து வாசல்படியில் நின்று உள்ளே பார்த்தார். அம்மாவின் மார்பில் சாய்ந்து, வாயைத் திறந்து, விலா எலும்புகள் தெரியத் தம்பி மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். புகை அடங்கும்வரை அவர் போகவில்லை.

அவர் அறிக்கையின் நகலை மாமா எப்படியோ பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதில் சீருடைக்கு ஏற்பட்ட சேதம் விரிவாக இருந்ததாம். தம்பியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம். படிவத்தில் மூச்சுக்குக் கட்டம் கிடையாது, சட்டைக்கு உண்டு. விவரம் தெரிந்தவர் இன்ஸ்பெக்டர். எந்தக் கட்டத்தில் எழுதினால் காகிதம் நகருமோ அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறார்.

காகிதம் நகர்ந்தது. ஆலையின் சீன முதலாளியான தவுக்கேக்கு உத்தரவு போனது. காஜா பெராங் குடியிருப்புகளுக்குத் தொல்லை ஏற்படாத உயரத்துக்குப் புகைபோக்கியை உயர்த்த வேண்டும். மெர்டேக்கா ஊர்வலத்துக்கு வண்ணத்தாள் ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில் செங்கல் வந்து இறங்கியது. தென்னை மரத்தைத் தாண்டி, தொழுகைக் கூடமான சூராவின் உச்சியைத் தாண்டி, புதுப் புகைபோக்கி வளர்ந்துகொண்டே போனது. சுதந்திரம் வந்த வாரத்தில் புகை எங்கள் தலைக்கு மேல், வெகு உயரத்தில், எங்களைத் தெரியாதது போல வடக்குப் பக்கம் போயிற்று.

அம்மா சங்கு ஊதிய பிறகு துணி காயப்போட்டார். காய வேண்டிய துணி இல்லாத நாட்களில் காய்ந்த துணியையே நனைத்துப் போட்டார். தம்பி பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கினான். அவன் பக்கத்தில் அம்மாவும் படுத்துத் தூங்குவதை நான் போய்ப் போய்ப் பார்த்தேன். மாமாவின் மரத்தடியில் வரிசை நீண்டது. மனுவோடு வடையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா என்று சிலர் கேட்டார்களாம்.

சில மாதம் கழித்து, வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி அடிக்கடி பள்ளிக்கு வராமல் போனாள். அவள் வீடு அந்த வடக்குப் பக்கம், புக்கிட் பாருவில். அவள் அம்மாவுக்கு மூச்சுமுட்டல், இவளுக்கு இருமல். எனக்குப் பெருமையாக இருந்தது, எங்கள் வீட்டில் இதற்கு வைத்தியம் தெரியுமே. ஒரு சனிக்கிழமை, தட்டச்சு இயந்திரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமா முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன்.

"மாமா, இவளுக்கும் ஒரு மனு அடிச்சிக் கொடுங்க."

மாமா உற்சாகமாகத் தாளைச் செருகினார். "சொல்லு பிள்ளே. எந்த இடம், என்ன தொல்லை?"

"புக்கிட் பாரு, மாமா. சாயங்காலமானா புகை வந்து எறங்குது. முன்ன வராது. இப்பத்தான் வருது."

மாமாவின் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றன. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கொடியடியில் நின்ற அம்மாவும் திரும்பிப் பார்த்தார். மாமா தாளை மெதுவாக உருவி எடுத்தார்.

"அது முனிசிபால் எல்லைக்கு வெளிய, பிள்ளே. வேற ஆபீஸ்."

"எந்த ஆபீஸ், மாமா?" என்று நான் கேட்டேன். எல்லா அலுவலகமும் தெரிந்த அவர் தட்டச்சு இயந்திரத்துக்கு உறையை மாட்டினார். அம்மா உள்ளே வந்து, தம்பிக்கு வைத்திருந்த தைலப் புட்டியை முழுதாக அவள் கையில் கொடுத்தார். சோறு போட்டார். அவள் சாப்பிடும்வரை தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு மனு அடிக்காததற்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அவளைக் கொண்டுவிடப் பெரிய ரோடு வரை போனேன். அங்கே வெள்ளையடித்த எல்லைக் கல் ஒன்று இருந்தது. அவள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், அதைத் திருத்துவது என் கடமை என்று பட்டது.

"இங்க பாரு," என்றேன். "முனிசிபால் இதோட முடியுது. எங்க புகை இதத் தாண்டி வராது. உங்களுக்கு வர்றது வேற புகை."

அவள் கல்லைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வெகுநேரம் இருமினாள். சோறு சாப்பிட்டவுடனே இவ்வளவு வேகமாக நடந்தால் அப்படித்தான் ஆகும் என்று அவளிடம் சொன்னேன்.