பின் சீட்டில் ஏறியது யார்?

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாராவது இந்த மாதிரிக் கதை சொன்னால், "நேத்து என்ன குடிச்சீங்க?" என்று கேட்கிற ஆள்தான் நானும். இருபது வருடமாகப் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். ஊசியைப் பார்த்து அலறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேயைப் பார்த்து அலறியவர்கள் யாரும் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஆனால் போன அக்டோபர் கடைசியில் எனக்கு நடந்தது நடந்ததுதான். அன்று நான் குடித்தது பிளாஸ்க்கில் கொண்டுபோன காபி மட்டும்.

என் பெயர் கொரின். என் கணவன் பாஸ்தியானுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பார்வை போய்விட்டது. முதலில் ஒரு கண், எட்டு மாதத்தில் இன்னொன்று. அதுவரை ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு தங்காத மனுஷன். அதற்கப்புறம் வாசற்படி தாண்டவே இல்லை. தெருவில் கார் போனால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வான். அவனை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதனால்தான் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே இரண்டு பேர் ஓட்டும் சைக்கிள் தருவார்கள். முன் சீட்டில் பார்வை உள்ளவர். திருப்புவது, பிரேக் பிடிப்பது எல்லாம் அவர்தான். பின்னால் இருப்பவர் மிதித்தால் போதும். இரண்டு பேரின் பெடலும் சங்கிலியால் சேர்ந்தே சுற்றும். ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சுற்றியே தீர வேண்டும்.

பாதையும் பார்த்து வைத்தேன். பிரான்ஸில், பர்கண்டிப் பக்கம், தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிளுக்கு விட்டிருக்கிற பழைய ரயில் பாதை. கார் கிடையாது, பைக் கிடையாது, ஹாரன் கிடையாது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுநடுவே பழைய மடாலயங்கள். பாஸ்தியான் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"நடுவழியில என்னைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாது. ஒரு நிமிஷம்கூட."

"போகமாட்டேன்."

"போனீன்னா ஜென்மத்துக்கும் வீட்டை விட்டு வெளிய வரமாட்டேன். சொல்லிட்டேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும்.

ரெட்டை சைக்கிள்காரர்கள் எல்லாரும் பயப்படுகிற தப்பும் அதுதான். பின்னால் ஆள் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவது. எங்கள் சங்கத்து ஜெரார், மனைவியை ஒரு பேக்கரி வாசலில் விட்டுவிட்டு, காலி சீட்டோடு வரி உயர்வைப் பற்றி மூன்று கிலோமீட்டர் பேசிக்கொண்டே போனவர். திரும்பி வருவதற்குள் அந்த அம்மாள் அவர் பங்கு ரொட்டியையும் சாப்பிட்டு முடித்திருந்தாள். அதனால் எல்லாருக்கும் ஒரே பழக்கம். முன்னால் இருப்பவர் கால்களுக்கு நடுவே சைக்கிளை நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து நிற்பார். திரும்பினால் வண்டி சாய்ந்துவிடும். பின்னால் இருப்பவர் ஏறி, முதுகில் இரண்டு தட்டு தட்டி, "போலாம்" என்பார். அப்புறம்தான் கிளம்ப வேண்டும்.

காலை முழுக்க பாஸ்தியான் பழைய ஆளாகவே இருந்தான். கத்திக் கத்திப் பாடினான். எதிரே வருகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் வணக்கம் சொன்னான். ஒரு தடவை வேலியோரம் நின்ற கழுதைக்கும் சொன்னான்.

"ஏய், அது கழுதை!"

"இருக்கட்டுமே. உங்க அண்ணனை விட மரியாதையா பதில் சொல்லுச்சு."

எத்தனை மாதம் கழித்து இப்படிப் பேசுகிறான்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. மூன்றே முக்கால் இருக்கும், ஒரு சுரங்கப் பாதையின் வாயிலுக்கு வந்தோம். ரயில் ஓடின காலத்துச் சுரங்கம், ஒன்றரை கிலோமீட்டர் நீளம். பக்கத்தில் கேட் காவலரின் பழைய வீடு. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். சுவரோரம் ஒரு மர பெஞ்ச்.

"நிறுத்து. ஒண்ணுக்குப் போகணும்," என்றான் பாஸ்தியான்.

"கூட வரவா?"

"இதுக்குமா? சுவரைப் பிடிச்சிட்டே போயிட்டு வந்துடுவேன். நீ நகராம நில்லு."

இறங்கினான். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டே வீட்டுக்குப் பின்பக்கம் போனான். டக்... டக்... டக்... நான் சைக்கிளைப் பிடித்தபடி சுரங்கத்தைப் பார்த்து நின்றேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை.

டக்... டக்... சத்தம் திரும்பி வந்தது. பின் சீட்டு அழுந்தியது. முதுகில் இரண்டு தட்டு.

"போலாம்."

பாஸ்தியான் குரல்தான். கிளம்பினேன். ஏறியதும் கோலை மடித்துப் பையில் வைப்பான், சடசடவென்று சத்தம் கேட்கும். அன்று அந்தச் சத்தம் கேட்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

சுரங்கத்துக்குள் ஆள் வந்தால் தானாக எரிகிற விளக்குகள். நாம் போகப் போக ஒவ்வொன்றாக எரியும், பின்னால் ஒவ்வொன்றாக அணையும். பாதி தூரம் வரை ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் காலில் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது.

பாஸ்தியான் சோம்பேறி. மிதிப்பது போல நடிப்பான். வலது காலை அழுத்தி இடது காலைச் சும்மா விடுவான். அன்று இரண்டு காலும் ஒரே அழுத்தம். சீராக. நிற்காமல்.

"என்ன, திடீர்னு வீரம் வந்துடுச்சா?"

"ம்."

"ஒரு பாட்டுப் பாடேன். இங்க எதிரொலிக்கும்."

"ம்."

அந்த "ம்" பின்னாலிருந்து வரவில்லை. என் காதுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

விளக்குகள் இடது பக்கச் சுவரில். எங்கள் நிழல் வலது பக்கச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. தற்செயலாகத்தான் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு சக்கரம். இரண்டு சீட்டு.

ஒரே ஆள்.

"பாஸ்தி... மிதிக்காத. நிறுத்து."

பெடல் வேகமானது. என் பாதணி பெடலில் மாட்டிக்கொள்கிற வகை. என் காலை இழுத்துக்கொண்டு அது சுற்றியது. வேகம்... இன்னும் வேகம்...

இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். கிரீச் என்ற சத்தம் சுரங்கம் முழுக்க ஓடியது. நின்றது. ஒரு காலைக் கழற்றித் தரையில் ஊன்றித் திரும்பினேன்.

பின் சீட்டில் யாரும் இல்லை.

பின் பெடல் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றியது. மாட்டியிருந்த என் இன்னொரு காலையும் சேர்த்துக்கொண்டு.

பிறகு அதுவும் நின்றது.

சைக்கிள் லேசானது.

நான் அசையவில்லை. விளக்கு அணைந்தது. கும்மிருட்டு.

அப்போது சைக்கிளுக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்தது. அது அணைந்து அடுத்தது எரிந்தது. அப்புறம் அதற்கும் அடுத்தது...

வருகிற விளக்கு இல்லை. போகிற விளக்கு.

நாங்கள் நுழைந்த பக்கம். பாஸ்தியான் இருக்கிற பக்கம்.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். அவனுடைய போன்கூட என் பையில்தான் இருந்தது. ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன் என்று சொன்னேனே... சொன்னேனே என்று அதுவே மண்டைக்குள் அடித்துக்கொண்டது.

வெளியே வந்தேன். பனிக்குள் பெஞ்ச் தெரிந்தது. பாஸ்தியான் அதில் உட்கார்ந்திருந்தான். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

"பாஸ்தி! நான்தான்..."

"கிட்ட வராத!"

அவன் முகம் வெளுத்திருந்தது. இடது கை பெஞ்சில், பக்கத்தில் நீண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. இன்னொரு கையைக் கோத்துப் பிடித்திருப்பது போல. பக்கத்தில் யாரும் இல்லை.

"நான் கொரின்டா!"

"கொரின் என் பக்கத்துல உக்காந்திருக்கா. இப்பதான் ஓடி வந்தா. விட்டுட்டுப் போனதுக்கு அழுதா. 'பின்னாடியே இன்னொருத்தி வருவா, என் குரல்லயே கூப்பிடுவா, அவகூடப் போயிடாத'ன்னு சொன்னா. நீ வந்துட்ட."

என்ன சொன்னாலும் அதை "அவளும்" சொல்லியிருப்பாள். அவனை இழுக்கப் போனேன். கோலை என் பக்கம் வீசினான். தோளில் பட்டது.

"பாஸ்தி, பக்கத்துல யாருமே இல்லடா... என்ன வேணா கேளு. பதில் சொல்றேன்."

அவன் என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான்.

"எங்கம்மா பொறந்த நாள் என்னைக்கு?"

என் தலைக்குள் எல்லாம் காலி.

"மார்ச்... மார்ச் பதினாலு. இல்ல, பதினேழு. இரு, ஏப்ரலா? ஐயோ, கடவுளே, இப்பப் போய் இதைக் கேக்கறியே! போன வருஷமும் இதுக்குத்தானே சண்டை போட்டோம்!"

நான் விம்மி விம்மி அழுதேன். பாஸ்தியானின் இடது கை மெல்ல விரிந்தது. சூடான பாத்திரத்தைத் தொட்டவன் போல அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"கொரின்..." என்றான். குரல் உடைந்திருந்தது. "கேட்டதும் அவ என் காதுல சட்டுனு சொன்னா. தேதி, வருஷம் எல்லாம். என் கொரினுக்கு அது தெரியவே தெரியாது."

எழுந்து என்னை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான். அவன் இடது கை ஐஸ் மாதிரி இருந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். சைக்கிளை மறுநாள் சங்கத்துக்காரர்கள் போய் எடுத்து வந்தார்கள்.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊரில், அறை வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுக்கார அம்மாள் பெயர் ஒதில். அறுபது வயதிருக்கும், தங்கமான மனுஷி. சுரங்கத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டோம் என்று மட்டும் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் சூப் ஊற்றினாள். பாஸ்தியான் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"மாடியில யாரோ பேசுறாங்களே?"

"என் வீட்டுக்காரர். அவருக்கும் உங்களை மாதிரி கண்ணு தெரியாது."

"கூட ஒரு பொம்பளையும் பேசுறாங்க." அவன் என் கையைத் தேடிப் பிடித்தான். "மேடம்... அது உங்க குரல்."

எனக்கும் இப்போது கேட்டது. மேலே ஒரு பெண் மெதுவாகச் சிரித்தாள். ஒதில் கரண்டியோடு என் எதிரில் நின்றிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது.

"அந்த பெஞ்ச்லதானே உக்காந்தீங்க?" என்றாள் கடைசியில். "பதினோரு வருஷம் ஆச்சு. அவரை அங்க உக்கார வச்சிட்டுத் தண்ணி பிடிக்கப் போனேன். திரும்பி வந்தா, நீ யாருங்கறார். போலீஸைக் கூட்டிட்டு வந்துதான் வீட்டுக்குக் கொண்டுவர முடிஞ்சது. அவளும் கூடவே வந்துட்டா. அன்னையிலேர்ந்து அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."

"அவர் உங்களை எதுவும் கேக்கலையா?"

"கேட்டாரும்மா. நாங்க வளர்த்த முதல் நாயோட பேரு." ஒதில் மாடிப் படியைப் பார்த்தாள். "நானும் அவளை மாதிரியே சரியாச் சொல்லிட்டேன்."