கேள்விக்குறைவு

மட்டாஞ்சேரிச் சந்தையில் வெங்காயத்தை ‘உள்ளி’ என்று கூவி விற்கும் ராசப்பனின் மகள் வீரலட்சுமிக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது பாதி. வல்லார்பாடத்தில் கப்பல் ஊதினால் மட்டாஞ்சேரிப் பூனைகள் அத்தனையும் ஓட்டின் மேலே துள்ளும். இவள் நிதானமாகத் தலைபின்னிக்கொண்டிருப்பாள். ஆனால் உதடு படிப்பதில் எமகாதகி. படகில் எதிர்வரிசைத் தம்பதி கிசுகிசுத்துச் சண்டை போட்டால், எர்ணாகுளம் சேர்வதற்குள் தீர்ப்பே சொல்லிவிடுவாள்.

கல்லூரியில் மட்டும் யாருக்கும் தெரியாது. ஏழாம் வகுப்பில் சொன்னதற்குக் கிடைத்த பலன், பிள்ளைகள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, அவள் திணறுவதைப் பார்த்துச் சிரித்தது. அதிலிருந்து காதைப் பற்றி வாயே திறப்பதில்லை. முன்பெஞ்சின் இடக்கோடியை வேறு யாராவது பிடித்துவிடுவார்களோ என்ற பதைப்பில் தினமும் முதல் படகுக்கே ஓடுவாள்.

இப்போது ஆங்கிலத்தில் ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் தேர்வு. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு ஏது உதடு? காது கேளாது என்று விண்ணப்பம் கொடுத்தால், பதிவில் உள்ளதை அச்சிட்ட தாளாகத் தருவார்கள். அவள் கொடுக்கவில்லை.

வசந்தி டீச்சருக்குச் சந்தேகம். பெற்றோர் கூட்டத்தில் ராசப்பனையே பிடித்தார்.

“மோளுக்குக் கேள்விக்குறவு உண்டோ?”

மலையாளத்தில் அது காது கேளாமை. பத்து வருடம் மலையாளத்தில் உள்ளி விற்றும் அந்தச் சொல் மட்டும் ராசப்பன் தராசுக்கு வந்ததில்லை.

“கேள்விக்கா குறைவு? சோத்துல உக்காந்தா நூறு கேப்பா, டீச்சரே.”

எல்லாம் காதில் விழுகிறது என்று புரிந்துகொண்ட டீச்சர் சிரித்தபடி, ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டார். வீரலட்சுமி இருவர் உதட்டையும் படித்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். செருப்பு நுனியால் தரையைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

தேர்வில் பெட்டி பேசியது மாட்டுத்தீவனத்தைப் பற்றி. அவள் எழுதியது புயலில் கவிழ்ந்த படகைப் பற்றி. தப்பித்த மூவரின் பெயரும் ஊரும் உட்பட இரண்டு பக்கம். பத்துக்கு ஒன்று.

சந்தேகம் மறுபடி முளைக்க, மறுதேர்விலும் போனால் ஒரு வருடம் போகும் என்று சொல்லி, வசந்தி டீச்சர் விண்ணப்பத்தை நீட்டினார். வீரலட்சுமி பேனாவை எடுத்தாள். ‘வீர’ வரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“இது கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிய வருமா, டீச்சர்?”

டீச்சர் ஏதோ பதில் சொன்னார். அலமாரியைத் திறக்கத் திரும்பியபடி சொன்னார். முதுகுக்கும் உதடு கிடையாது.

வீரலட்சுமி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். சோற்றில் உட்கார்ந்தால் நூறு கேட்பவள், அந்த ஒன்றை மட்டும் இன்னொரு முறை கேட்கவில்லை.