கிரகணம் பார்க்காத எலி

தங்கச்சியின் பிள்ளை மேலுதடு பிளந்து பிறந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் தைத்துவிடலாம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அவளுடைய மாமியார் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: கிரகணத்தன்று இவள் வாசலில் உட்கார்ந்து பலாக்காய் நறுக்கினாளாம். தங்கச்சி மறுக்கவில்லை. அழவில்லை. பிள்ளையைத் தொடவும் இல்லை. சங்கில் பால் புகட்டியதெல்லாம் மாமியார்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பதுளை டவுனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நான் வரையும் எலியின் கரு முளையத்தை இஞ்சித் துண்டு என்றே பிள்ளைகள் நம்பினார்கள். அந்த அறிவையும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"பெரட்டு மாதிரிதாங்க அத்தே," என்று தொடங்கினேன். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதுதான் பெரட்டு. "வயித்துக்குள்ள பிள்ளையோட உடம்பு சின்னச் சின்னக் கலங்களாத்தான் உருவாகும். ஒவ்வொரு கலமும் பக்கத்துக் கலத்துக்குச் சொல்லும். நீ மூக்குக்குப் போ, நீ உதட்டுக்குப் போ, ரெண்டு பக்கமும் நடுவுல வந்து சேருங்கன்னு. அப்பிடிச் சொல்ல வைக்கிறது பரம்பரையலகு, ஜீன்னு சொல்லுவாங்களே, அது."

"கங்காணி யாரு?"

"கங்காணி இல்ல. அதுங்களே ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும்."

"கங்காணி இல்லாமப் பெரட்டா? அதான் உதடு சேரல."

நான் எலிக்குத் தாவினேன். சுண்டெலியில் அந்தச் சேதி சொல்லும் பரம்பரையலகு ஒன்றை ஆய்வுகூடத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். குட்டிக்கு உதடு சேரவில்லை. நம் பிள்ளைக்கு எந்தச் சேதி தவறியதோ தெரியாது, ஆனால் விஷயம் இந்த மாதிரிதான் என்றேன்.

"பேரன எலியாக்கிட்டீங்க. ரொம்ப சந்தோசம் தம்பி," என்றார் மாமியார்.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, அந்தத் தாய் எலி கிரகணத்துல என்ன செஞ்சுச்சு?"

"அதுக்கு ஏது கிரகணம்? கூட்டுக்குள்ள தின்னுட்டுத் தூங்கிச்சு."

"எதையும் நறுக்கலையா?"

"எலி எதம்மா நறுக்கும்?"

"ஒண்ணுமே செய்யாமலா அப்பிடி ஆச்சு?"

"ஒண்ணுமே செய்யாம."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு ஒரு கேலிப் பகிடி நாக்கு வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. பிறகு அவள் மாமியாரிடம் கையை நீட்டினாள். சங்கைத்தான் கேட்கிறாள் என்று அவர் அதைக் கொடுத்தார். வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் நீட்டினாள்.

மாமியார் பிள்ளையைக் கொடுத்தார். யாரோ பார்த்துக்கொள்ளச் சொன்ன பொட்டலத்தைப் போல அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள். கீழே வைக்கவில்லை.